ஒன்று புள்ளி நான்கு

துவாஸின் மேற்கு நுனியில், கடலைத் தூர்த்த மண்ணில்
முப்பது மீட்டர்க் கம்பத்தின் உச்சியில்
மூன்று சின்னக் கிண்ணங்கள்.
காற்றிடம் கையேந்தி நிற்கும்.
சில மதியங்களில்
ஏந்தியபடியே நிற்கும்.

பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
பதினான்கு மாதம் அவற்றைக் கூட்டிப் பெருக்கியது நான்.
ஒன்று புள்ளி எட்டு. இரண்டு. ஒன்று புள்ளி மூன்று.
சுழியம். சுழியம்.
மைனா வந்து உட்கார்ந்ததால்
இன்னொரு சுழியம்.

என் மொழியில் காற்றுக்குப் பஞ்சமில்லை:
வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கென்றால் தென்றல்,
கிழக்குக்குக் கொண்டல், மேற்குக்குக் கோடை.
எண்ணெய் ஆலையின் நெடியைக் கொஞ்சம் சுமந்துகொண்டு
சட்டைக் காலர் வரை வந்து
அங்கேயே செத்துப்போகும் இதற்கு
என்ன பெயர் வைப்பது?
"திசை: மாறக்கூடியது" என்று எழுதினேன்.

ஜூனில் ஓர் அதிகாலை, மூன்று நாற்பதுக்கு
நீரிணையைத் தாண்டி சுமத்ராக் காற்று வந்தது.
இருபத்திரண்டு!
கிண்ணங்களில் ஒன்று பிய்ந்து
வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது.
சுவா சூ காங்கில், என் பதினோராம் மாடியில்,
மூங்கில் கழியில் காயப்போட்ட துப்பட்டா
கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவரின் லாரிக்குப்
போர்வையாகியிருந்தது.
பதினேழு நிமிடம்.
ஆண்டுச் சராசரிக்குள் போட்டுப் பார்த்தேன்:
கடலில் கரைத்த பெருங்காயம்.

வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்று.
கந்துவட்டிக்காரனுக்குக்கூட
இப்படி ஒரு கணக்கு வராது.
பெரிய காற்றாலைகள் கேட்பது ஆறு, ஏழு.
எங்களிடம் இருப்பது
பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைக்கப் போதுமானது,
அதுவும் கேக்கை ஜன்னலோரம் வைத்தால்.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தட்டச்சினேன்:
சாத்தியமில்லை.
ஏழெழுத்து.

பக்கத்து வாசல் கப்பல் பட்டறை.
அங்கே ராப்பகலாகப் பொறி பறக்கும்.
ஏதோ ஒரு வடகடலில் நடப்போகும்
காற்றாலைகளின் மின்சாரத்தைச் சேர்த்துக் கட்டும் நிலையத்துக்கு
மஞ்சள் பூசிய நான்கு கால்கள்.
மூன்றாம் காலின் வெல்டர் இசக்கியப்பன்,
சொந்த ஊர் ஆரல்வாய்மொழி.

"அப்போ காற்று உங்களுக்குப் பழக்கம்தான்?"

"எங்க ஊர்ல காத்தாடியைப் பயிர் மாதிரி நட்டிருப்பான், மேடம்.
ஆடி வந்தா சோத்துல மண்ணு விழும்.
வேற ஒண்ணும் பெருமையா இல்ல."
முகமூடியை இறக்கிக்கொண்டார்.
நீல வெளிச்சத்தில் அதற்குமேல் பேச்சில்லை.

இரும்பைத் தூக்கும் நாள் வந்தது.
பட்டறையிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு:
உங்கள் கம்பம் ஓடுகிறதா?
அறுநூறு டன். இரண்டு கிரேன்.
காற்று எட்டைத் தாண்டினால் தொடக்கூடாது.
அது போய் நிற்கப்போகும் கடலில்
இப்படி ஒரு நாளுக்கு வாரக்கணக்கில் காத்துக்கிடப்பார்களாம்.
இங்கே
விடிந்தால் அதுதான்.

வாக்கிடாக்கி கரகரத்தது.
"காற்று?"
திரையைப் பார்த்தேன். கிண்ணங்களையும் பார்த்தேன்,
எண்ணை நம்பாதவள்போல.
"ஒன்று புள்ளி நான்கு."
"போதும்."

பதினான்கு மாதத்தில் அந்த எண்ணிடம்
யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கயிறுகள் விறைத்தன.
படுத்திருந்த இரும்பு எழுந்து உட்கார்ந்து
பிறகு மெல்ல நின்றது.
அதன் நிழல் எங்கள் காலணிகளின்மேல்
ஆமைபோல ஊர்ந்து போனது.
இசக்கியப்பன் கையுறையைக் கழற்றி
தன் பற்றவைப்பு தலைக்குமேல் போவதை
வாய் பிளந்து பார்த்தார்,
பின் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை இழுவைக் கப்பல் வந்து
அதைக் கூட்டிப்போயிற்று.

அறிக்கையில் அந்த ஏழெழுத்தை
நான் மாற்றவில்லை. சரியான சொல்தான் அது.
புதுக் கிண்ணம் மாட்டியாகிவிட்டது.
துப்பட்டாவுக்கு மட்டும்
இப்போது இரண்டு கிளிப் போடுகிறேன்.