துருவுக்கு முன்

குருமண்வெளித் துறையில் முதல் பாதைக்கு
மோட்டார்சைக்கிளை ஏற்றும்போது
சங்கிலி முனகியது.
போன கிழமைதான் எண்ணெய் விட்டேன்.
வாவிக்காற்று ஒரு கிழமை பொறுக்காது.

பாலையடிவட்டையில் கோணாமலையின் பட்டி.
"மூண்டு மணிக்கு ஈண்டது கா.
தாய் நக்கிக் காயவெச்சிட்டாள்.
ஆனா எழும்புதில்ல."
பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல:
"நாம்பன்தான்."

நீ கிடந்தாய்.
முன்கால்கள் உன்னுடையவை.
பின்கால்களை யாரோ இரவல் தந்து
திருப்பிக் கேட்டதுபோல் கிடந்தன.

தராசு அலுவலகத்தில், அதுவும் பழுது.
தையல்மெசினில் இருந்து எழுந்துவந்த நிரோஜினி
அளவுநாடாவை உன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தாள்.
அறுபது.
"கழுத்தளவும் எடுக்கவா மிஸ்?"
அறுபதென்றால் இருபது கிலோ மட்டில்.
அதற்கு ஒரு மில்லி.
கூடினால் இதுவே நஞ்சு.

ஆவணியில் இந்தப் பக்கம் பச்சை என்றால்
வாசலில் கிடக்கும் பிளாஸ்ரிக் கதிரை மட்டும்தான்.
உன்னைச் சுமந்த கடைசி மூன்று மாதமும்
உன் அம்மா தின்றது
வெட்டிய வட்டையின் தாளும்
போன போகத்து வைக்கோலும்.
புல்லிலிருந்து உனக்கு வரவேண்டியது
வழியிலேயே வெயிலில் போய்விட்டது.
அதைத்தான் எங்கோ ஒரு நாட்டில்
விரல் நீளக் குப்பிக்குள் அடைத்திருக்கிறார்கள்.
இந்த மாதத்துக்கு வெல்லாவெளிக்கு வந்தது நாலு.
இது நாலாவது.
நாகுகளுக்கு வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

"காய்ச்சலுக்கா ஊசி?"
இல்லை. மூச்சுக்கு.
வயிற்றுக்குள் இருந்தவரை
காற்றைத் தாயின் இரத்தம் அளந்து தந்தது.
விழுந்த கணம் நெஞ்சு நிறைய இழுத்தாயே,
உயிர் தந்த அந்தக் காற்றே
உள்ளே தசையை அரிக்கவும் தொடங்கும்.
இதை அவருக்கு எப்படிச் சொல்ல?
சங்கிலியைக் காட்டினேன்.
தொட்டுப் பார்த்தார். விரலில் செந்தூள்.
"அப்ப இவன் பிறந்த கையோட
துருப்பிடிக்கத் தொடங்கிட்டானா?"
எல்லாரும் அப்படித்தான் என்றேன்.
"எனக்கும் ஒண்டு போடுங்க கா"
என்று முழங்காலைத் தட்டிச் சிரித்தார்.

பின்தொடையில் ஊசி இறங்கியபோது
நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

சருவச்சட்டியில் கடும்பு,
மஞ்சளாய், கனமாய், துணியால் மூடி.
தவிட்டுக்கடை யூசுப் நானாவுக்குச் சொல்லிவைத்தது.
மூன்று மாதத் தவிட்டுக் கடனுக்கு
வட்டி இல்லை, ஆனால் கடும்பு உண்டு.
முதலில் இவனுக்கு, என்றேன். இரண்டு லீற்றர்.
கோணாமலை சட்டியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார்,
வேலிக்கு அப்பால் எதையோ பார்த்தார்.
அதற்குள் நிரோஜினி
சோடாப் போத்தலில் ஊற்றிவிட்டாள்.

உன் நாக்கு முதலில் என் விரலைத்தான் நம்பியது.

பதிவேட்டில் கடைசிக் கட்டம்: பலன்.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.
வெறுமையாக விட்டு மூடினேன்.

பின்னேரப் பாதையில் நடு வாவியில் போன் அடித்தது.
"நிற்குது மிஸ். கோணலா.
விழுந்து விழுந்து நிற்குது."
அவள் குரலுக்குப் பின்னால்
தகரப்படலை திறக்கும் சத்தம்.
யாரது?
"யூசுப் நானா" என்றாள், மெதுவாக.
"சட்டியோட வந்திருக்கார்."