பதினேழாம் பக்கம்

பட்டர்வொர்த்தில் படகேறும்போது
சத்தியசீலன் வாட்சப்பில்:
"முதல் கதைதான். சந்தேகமே வேண்டாம்."

இந்த மாதம் எங்களுக்கு இரண்டு கதைகள்.
ஒன்றில் ஒரு கணக்கர்
மேசைமேல் கிடக்கும் கடித உறையைப் பார்க்கிறார்.
மழை விட்டுவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது.
முகவரியில் தன் பெயர் பிழையாக இருப்பதை
நாலு பக்கத்துக்கு யோசிக்கிறார்.
மற்றதில் ஒருத்தி வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்குகிறாள்
இறங்கிக்கொண்டே இருக்கிறாள்
முற்றுப்புள்ளியே கிடையாது
மூச்சு வாங்குவது நமக்குத்தான்.

இரண்டாவதைப் படித்த இரவு
மின்தூக்கி ஓடாத எங்கள் அடுக்ககத்தில்
ஆறாம் மாடிவரை இறங்கியவள்
திரும்ப ஒன்பதுக்கு ஏறி
என் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
கதை என்றால் இது, என்று எழுதினேன்.

"அது வெறும் பயம்" என்றார்.
"இங்கே உறை பிரிக்கப்படவே இல்லை, கவனித்தீர்களா?
'கையை நீட்டினார்' என்று நிறுத்திவிட
எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!"

என் பிரதியைப் புரட்டினேன்.
கையை நீட்டினார்: பதினாறாம் பக்கம்.
பதினேழில்
உறையைக் கிழிக்கிறார்.
உள்ளே தம்பியின் மன்னிப்பு.
அழுகிறார், அண்ணியை நினைக்கிறார்,
வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்தி,
போதாததற்கு மறுபடி மழை.

நூலகப் புத்தகத்தை
ஜாலான் டத்தோ கெராமாட் கடையில் நகலெடுத்து
தாள் எண்ணிக் கொடுத்தவள் நான்.
பாயான் லெப்பாசில்
நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து
எட்டு மணி நேரம் சில்லுகளில் பழுது தேடுகிற
அதே நான்.

அங்கே என்றால் யோசிக்க மாட்டேன்.
சிவப்புப் புள்ளி, தனித் தட்டு, அடுத்தது.
இங்கே
பழுதான பிரதிதான் தேறியிருக்கிறது.
எழுதியவருக்கே தெரியாத கதை ஒன்று
ஆயர் ஈத்தாமில் ஒருவர் கையில்.

சொல்லத்தான் வேண்டும்.
சொன்னால் ஒரு தாள் கூடும்,
ஒரு கதை குறையும்.

நீரிணையின் நடுவில்
எதிர்ப்படகு கடந்து போனது.
அதிலும் யாரோ ஒருவர்
குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் கதைதான் மேல்" என்று அனுப்பினேன்.

"என் கதையா?"
நீல நிற இரட்டைக் குறி விழுந்தது.
மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கின,
பலகை இன்னும் இறங்கவில்லை.
பதினேழாம் பக்கம் மடித்து
பஸ் டிக்கெட்டோடு
சட்டைப்பையில்.