மூன்று நிமிடம்

ஹெலினா நகரத்துச் சட்டமன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடி.
நிதிக்குழு கூடும் நாள்களில்
என் வேலை ஒரு பொத்தான்.
பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் வந்தால் முடித்துக்கொள்ள வேண்டும்.
சிவப்புக்குப் பின் சொல்வது எதுவும்
குறிப்பேட்டில் ஏறாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அந்தப் படி நான்தான்.

அன்று மசோதாவின் நாற்பத்தொன்றாம் பக்கம்:
முன்னாள் படைவீரர் பயண உதவி.
அதற்குக் கீழே குளிர்கால எரிபொருள் மானியம்.
அதற்கும் கீழே, விடுமுறை நாள்களில்
பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு.
மூன்றின் மேலும் ஒரே பேனா இழுத்த ஒரே கோடு.

இந்தப் பக்கம் இருந்தவர்கள் சிக்கனம் என்றார்கள்.
அந்தப் பக்கம் இருந்தவர்கள் துரோகம் என்று மேசையைத் தட்டினார்கள்.
நான்கு வருடம் முன்பு
இதே தொகையைப் பாதியாக்கியவர்கள் அவர்கள்.
அப்போது அதற்குப் பெயர் மறுசீரமைப்பு.
எல்லாக் கோட்டிலும் ஒரே கொடி
ஊசியில் குத்தி மினுங்கியது.

முதலில் ஃபெர்ன் நாட்-அஃப்ரெய்ட்,
க்ரோ குடியிருப்பிலிருந்து வேன் ஓட்டுபவர்.
செருப்புப் பெட்டி நிறைய டீசல் ரசீதுகள்.
மலைப்பாதையில் பனி விழுந்தால்
மருத்துவமனைக்கு ஐந்து மணி நேரம் என்றார்.
பின்சீட்டில் வாந்தி எடுப்பவர்களுக்காக
பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் வைத்திருப்பதாகச் சொன்னார்.
யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.
"போன மாதம் ராய்ஸ், சிறுநீரகக்காரர்,
வேன் வராத அந்த வியாழக்கிழமை..."

சிவப்பு.

நான்தான் எரியவிட்டேன்.
ராய்ஸுக்கு என்ன ஆயிற்று என்று
இந்த மாநிலத்தின் குறிப்பேட்டில் இல்லை.

அடுத்து ஷேன் ஹாகன்சன்.
பெயரைக் கூப்பிட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும்,
விதி அது.
அவர் கடைசி வரிசையில் இருந்தார்.
வலது கால் முழங்காலுக்குக் கீழே கார்பன்.
எல்லாருடைய காலணியும் கொண்டுவந்த பனி
தரையில் தண்ணீராக நின்றது.
கைத்தடியை ஊன்றி, வழுக்கி, நின்று,
மறுபடி ஊன்றி
அவர் வந்துகொண்டே இருந்தார்.

என் விரல் பொத்தான் மேல் இருந்தது.
அமுக்கவில்லை.

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"கடிகாரம்?"
"சிக்கிக்கொண்டது ஐயா" என்றேன்.
பன்னிரண்டு வருட வேலையில்
நான் சொன்ன ஒரே பொய்.
ஒரு நிமிடம் நாற்பது விநாடி நீளம்.

மைக்கைப் பிடித்ததும்
பச்சை எரிந்தது.

அவர் கத்தவில்லை.
"ஃபலூஜாவுக்குப் பிறகு ஜெர்மனியில் ஒரு மருத்துவர்
இந்தக் காலை எடுப்பதற்கு முன்
என் படுக்கையருகே உட்கார்ந்தார்.
எங்கே வெட்டுவேன், ஏன் அங்கே வெட்டுவேன் என்று
பேனாவால் என் தோலில் கோடு போட்டுக் காட்டினார்.
அப்புறம் கையெழுத்து கேட்டார்.
அவ்வளவு மருந்து மயக்கத்திலும்
இல்லை என்று சொல்லும் உரிமை என்னிடம் இருந்தது.
இந்த வெட்டைப் பற்றி
செய்தித்தாளில்தான் படித்தேன்."
பிறகு தன் ஊரில் இன்னும் ஒன்பது பேர் என்று
பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.
ஆறாவது பெயரில் மஞ்சள்.
வேகமாக வாசித்தார். முடித்துவிட்டார்.

பதினொன்றுக்கு ஒன்பது.
வெட்டு நின்றது.

தலைவர் இறங்கி வந்து
இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்,
உங்கள் சேவைக்கு நன்றி என்றார்.
மனதார என்றுதான் நினைக்கிறேன்,
கண் கலங்கியிருந்தது.
ஷேன் தலையாட்டினார்.
லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

குறிப்பேட்டைத் தட்டச்சு செய்தேன்:
ஹாகன்சன், எதிர்த்து. மூன்று நிமிடம்.
நான் திருடியது எந்தத் தணிக்கையிலும் அகப்படவில்லை.

நேற்று புதிய பட்ஜெட்டின் பிரதி மேசைக்கு வந்தது.
அறுபதாம் பக்கத்தில் ஒரு சின்ன வரி:
குழு அறைக்குத் தானியங்கிக் கடிகாரம், ஒன்று.
விலையைப் பார்த்தேன்.
ஃபெர்னின் வேனுக்கு ஏழு மாத டீசல்.

பெயரைக் கூப்பிட்டதும்
அதுவே ஓடத் தொடங்கிவிடுமாம்.