பங்கேற்பாளர் 31

சியாத்துரா நகரத்து ஒலிப்பதிவுகளைக் கேட்டு
எழுத்தில் இறக்குவது என் வேலை.
மணிக்கணக்குக் கூலி.
மௌனம் மூன்று விநாடியைத் தாண்டினால்
அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.
இருமல் வேண்டாம். நாற்காலி நகர்வது வேண்டாம்.

ஆய்வின் பெயர் நீளம். சாரம் இவ்வளவுதான்:
மனைவி இத்தாலியில்
யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்க
இங்கே ஜார்ஜியாவில்
பிள்ளைகளோடு தனித்துவிட்ட ஆண்கள்
தம்மை இன்னும் ஆண் என்று எண்ணுகிறார்களா?

முப்பது பேர் முடிந்தார்கள்.
எல்லோருக்கும் ஓர் அக்கா இருந்தாள்.
சமையலுக்கு அக்கா, துணிக்கு அக்கா,
பள்ளிக் கூட்டத்துக்கும் அக்கா.
விருந்து மேசையில் கொம்புக் கோப்பையைத் தூக்கி
செத்துப்போன தகப்பனுக்காக
கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவர்கள்.
உயிரோடிருக்கும் மகனைக் கேட்டால்
‘நல்லா இருக்கான்.’
(மௌனம், 6)

முப்பத்தொன்று மல்காஸ்.
தொங்குவண்டிக் கம்பிவடங்களைப் பின்னி இணைப்பவர்.
மாங்கனீசுப் பள்ளத்தாக்கின் மேலே
பாதி ஊர் அவர் பின்னலில் தொங்கிப் போகிறது.
இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறார்.
வீட்டு வேலை யார் செய்வது?
‘அக்கா.’
ஏதோ தீய்கிறது. எழுந்து ஓடுகிறார்.
அதை நான் எழுதக் கூடாது.

பிறகு வெறுங்கால் ஓடிவரும் சத்தம்.
‘அப்பா, பள்ளிக்கு நேரமாச்சு.’
பேட்டி எடுப்பவன் சின்னப் பையன்,
கருவியை நிறுத்தத் தோன்றவில்லை அவனுக்கு.
பதினோரு நிமிடம்.
சீப்பு.
சிக்கில் மாட்டி நிற்கும் சீப்பு.
‘வலிக்குதா?’
‘இல்ல.’
‘பொய்.’
‘கொஞ்சம்.’
கொண்டை ஊசியைப் பல்லில் கவ்வியபடி
ஓர் ஆள் மூச்சு விடும் ஒலி
எப்படி இருக்குமென்று எனக்கு இப்போது தெரியும்.
என் அப்பா என் முடியைத் தொட்டது ஒரே தடவை,
பேன் மருந்து போட.

மூணு பிரியா, அஞ்சா?
‘ஆறு. நேத்து அம்மா போன்ல காட்டினாளே!’
‘எஃகு வடத்துக்கு ஆறு பிரி சரி.
ஆனா நடுவுல ஒரு சணல் கயிறு ஓடணும்.
உன் தலையில அது எங்க?’
பிக்ரியா சிரிக்கிறாள், தலை ஆடுகிறது,
மறுபடி முதலிலிருந்து.

கேள்வித்தாள் மீதி இருக்கிறது.
அவருக்கு இரண்டு கையும் முடியில்.
‘நீயே போடு’ என்கிறார் ஊசிக்கு ஊடாக.
அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்:
ஆண் அழக் கூடாது. அஞ்சு.
ஆணின் பயம் வீட்டாருக்குத் தெரியக் கூடாது. அஞ்சு.
குழந்தை வளர்ப்பு பெண்ணின் வேலை. அஞ்சு.
எல்லாத்துக்குமா? பையன் கேட்கிறான்.
‘ஆமா. அதுக்கு மேல கட்டம் இல்லையே.’

திபிலிசியில் பேராசிரியைக்கு உற்சாகம்.
வரைபடத்தின் வலது ஓரத்தில்
எல்லோரையும் விட்டு விலகி ஒரு புள்ளி.
‘எவ்வளவு இறுகிய மனுஷன், பாரேன்’ என்றார்.
சொல்லியிருக்கலாம்.
கேள்விக்குத் தொடர்பில்லாத பகுதியை
வெட்டிவிடுவது விதி. வெட்டினேன்.
என் கூலியில் பதினோரு நிமிடம் போனது.
துண்டு எங்கே என்று கேட்காதீர்கள்,
ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அதன் கடைசியில், கதவருகே,
குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொல்கிறார்:
‘யாராச்சும் கேட்டா
அத்தை பின்னிவிட்டாங்கன்னு சொல்லு.’

‘எந்த அத்தை?’

(மௌனம், 9)