நாற்பத்தெட்டில் ஒன்று

பகலில் நான் பல் செய்கிறேன்,
ப்ஷெரோவ் நகரத்து வாய்களுக்கு.
இரவில் அதே அரம், அதே பூதக்கண்ணாடி,
கட்டைவிரலில் அதே தழும்பு,
செய்வது விமானம்.

பெட்டியில் வாங்கி ஒட்டுவது அல்ல.
வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, சவரக் கத்தி,
கூர் போன பென்சில்.
நிஜத்தில் நாற்பத்தெட்டு அடி நடந்தால்
என் மேசையில் ஓர் அடி.

அதன் பெயருக்கு எங்கள் மொழியில் வண்டு என்று பொருள்.
தேன் எடுக்காத வண்டு.
வயலுக்கு வயல் தாழப் பறந்து
நஞ்சு தெளித்தது.
போருக்குப் போகாததால் புகழ் இல்லை;
அதனால்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.
உண்மையில் அதன் மூக்கு பிடித்திருந்தது.

மூக்கில் ஒன்பது சிலிண்டர்.
ஒவ்வொன்றிலும் மயிரிழைச் செம்புக்கம்பி
இருபத்திரண்டு சுற்று.
ஆறாவதில் இருபத்து மூன்று சுற்றிவிட்டேன்.
யாருக்குத் தெரியும் என்றது தூக்கம்.
பிரித்தேன்.

விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கு
அடுப்பில் இளகிய தகட்டை
மர அச்சின்மேல் ஏழு முறை இழுத்தேன்.
முதலாவதில் குமிழ். இரண்டாவதில் ரொட்டித் தூள்.
ஐந்தாவது அழகாக வந்தது,
அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.
ஏழாவதைத் தூசிக்கு அஞ்சி
ஒயின் கோப்பைக்குள் கவிழ்த்து வைத்தேன்.

மருந்துத் தொட்டிக்குப் பின்னால்
மெக்கானிக்குக்கு ஓர் இருக்கை.
அதன் வாருக்குக் கடுகில் பாதி ஒரு கொக்கி.
கதவை ஒட்டியதும் மறைந்துவிடும்.
மறையட்டும்.
கடைவாய்ப் பல்லை யார் பார்க்கிறார்கள்?
மென்றுதான் பார்க்கிறார்கள்.

வரைபடத்தில் இரு இறக்கையும் சமம்.
சமமாகவே செய்தேன்.
ஊசிமுனையால் நாலாயிரம் ஆணித்தலை குத்தி முடித்துவிட்டு
ரயிலேறிப் பேருந்து மாறி
நிஜ வண்டு நிற்கும் கொட்டகைக்குப் போனேன்.

சாவிக்காரி க்வேட்டா
'தொடாதீர்' பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டு
அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தாள்.
வலது இறக்கை. எழுதிக்கொண்டேன்.
இடது இறக்கை.
"நாடா தொய்கிறது, இழுங்கள்."
இழுத்தாள்.
இன்னொரு முறை.
ஐந்து சென்டிமீட்டர் குறைந்தது.

"ஹாப்ஸ் தோட்டத்துக் கம்பத்தில் இடித்தது.
நுனியை வெட்டிக் கிடைத்த தகட்டால் மூடினார்கள்.
திங்கட்கிழமை பறந்தது" என்றாள்.
விமானி?
"அவர் செவ்வாய்க்கிழமைதான் வந்தார்."

ஐந்து சென்டிமீட்டர்
என் கணக்கில் ஒரு மில்லிமீட்டர், கொசுறு கொஞ்சம்.
நகத்தின் வெள்ளை ஓரம்.

மூன்று நாள் மேசைப் பக்கம் போகவில்லை.
எந்த வாயிலும் இடமும் வலமும் ஒன்றல்ல.
கண்ணுக்குச் சமமாய்ச் செய்த பல்
கன்னத்தைக் கடிக்கும்.
இருபது வருடமாய் இதை
அடுத்தவர்க்குச் சொல்லித்தான் பிழைக்கிறேன்.

நாலாம் நாள் ரம்பம் எடுத்தேன்.
ஆணித்தலைகளில் நாற்பத்தொன்று
மாவாய் உதிர்ந்தன.
புதுத் தகடு,
அவசரத்தில் ஒட்டியது போலத் தெரிய
மூன்று மாலை பிடித்தது.

போட்டி ஓலோமோட்ஸில், ஒரு பள்ளியின்
உடற்பயிற்சிக் கூடத்தில்.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் நூறு விமானங்கள்.
நடுவர் மூச்சை அடக்கிக் குனிந்தார்.
நல்ல நடுவர்.
அளவுகோலை எடுத்தார். வைத்தார். மறுபடி வைத்தார்.
சீட்டில் எழுதியிருந்தது:
இயந்திரம் அபாரம். இறக்கைகள் சமமில்லை.
நான்கு புள்ளி கழிவு.

நாடாவும் க்வேட்டாவின் விரலும் தெரிகிற புகைப்படம்
என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
கர்வமாக இருக்கலாம்.
பசியாகவும் இருக்கலாம்,
வாசலில் தொத்திறைச்சி வறுபடும் வாசம்.

திரும்பும் ரயிலில் பெட்டி மடியில்.
நாலு புள்ளிக்கு யாரைத் திட்டுவது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
எதிர் இருக்கைக்காரர் வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.
மேல் வரிசை, இடது, கடைசிக்கு முந்தியது:
நான் செய்தது.