காரணத்துக்கான கட்டம்

டுலூத்தில் மார்ச் என்பது
குளிர்காலத்துக்கு இன்னொரு பெயர்.
ஏரி இன்னும் திறக்கவில்லை.
பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம்,
மூன்றாம் ஜன்னல், நான்.
துறை மாறுவோர் படிவம் என்னிடம்தான் வரும்.

பழைய துறை, புதிய துறை, கையெழுத்து.
நடுவே ‘காரணம்’ என்றொரு கட்டம்,
அரை அங்குல உயரம்.
ஓர் ஆயுள் திரும்புகிற முனைக்கு
அவ்வளவுதான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எழுதுவார்கள்:
கால்குலஸ்.
அப்பா.
அப்பா இறந்துவிட்டார்.
தவளையை அறுக்க முடியவில்லை.
ஒருவன் ‘மேலே பார்க்க’ என்று எழுதியிருந்தான்.
மேலே ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டர் காரணம் கேட்பதில்லை.
நாலெழுத்துக் குறியீடு போதும் அதற்கு.
காரணத்தைப் படிக்கிற ஒரே ஆள் நான்;
படிக்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.

ஆரின் ஸ்கார் மீனியலை விட்டுக் கணக்கியலுக்குப் போனான்.
காரணம்: நாற்றம்.
பதினொரு வருடம் கழித்துத் துறைமுகத்தில் பார்த்தேன்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
மீன் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தானாம்.
“பெட்டியைத் திறந்து பார்த்தே
எடை பொய்யென்று சொல்கிற ஆடிட்டர்
இந்த மாநிலத்தில் நான் ஒருத்தன்தான். எல்லாரும் என்னையே கூப்பிடுகிறார்கள்.”
பெருமையா புகாரா, தெரியவில்லை.
நாற்றம் அடித்தது, உண்மைதான்.

என் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை.
நான் படித்தது நிலவியல்.
பட்டம் வாங்கிய வருடம் எண்ணெய் விலை சரிந்தது.
எடுப்பதாகச் சொன்ன கம்பெனி
எட்டு வரியில் மன்னிப்புக் கேட்டது.
கோடைக்கு மட்டும் என்றுதான் இந்த ஜன்னலுக்கு வந்தேன்.
பத்தொன்பது கோடை.

ஆனால் நெடுஞ்சாலையில் மலையை வெட்டிய இடம் வந்தால்
என் கால் தானாக பிரேக்கைத் தேடும்.
பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான்.
என் கணவர் கண்ணை மூடிக்கொள்வார்.
இதோ இந்தக் கவுன்ட்டர்,
எல்லாரும் கிரானைட் என்கிறார்கள்.
டீன் சொல்கிறார், துடைக்க வருகிற ரெய்மோ சொல்கிறார்,
வாங்கிய ரசீதே சொல்கிறது.
கிரானைட் இல்லை. கேப்ரோ.
திருத்திப் பார்த்தேன் கொஞ்ச நாள்.
இப்போது அதன்மேல் முழங்கை ஊன்றி
அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.

இன்று நாலேகாலுக்கு டெகா வர்சாமே.
கோட்டில் பனி, கழுத்தில் இன்னும்
பயிற்சி மருத்துவமனை அட்டை.
பழைய துறை: செவிலியம். மூன்றாம் ஆண்டு.
புதிய துறை: நிலவியல்.
இரண்டு தடவை படித்தேன்.

எங்களிடம் ஒரு கையேடு உண்டு,
அட்டையில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் ஆள்,
உள்ளே வேலைகள், சம்பளங்கள், மேல்நோக்கிய அம்புகள்.
கொடுக்க வேண்டும் என்பது விதி.
கொடுத்தேன்.
அதைத் திறக்காமல் கீழே வைத்தாள்.
வைத்த கை அங்கேயே நின்றது.
நகத்தால் கல்லைச் சுரண்டினாள்,
குனிந்தாள், பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி
தலையைச் சாய்த்தாள்.

“இது கிரானைட் இல்லையே?”

பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள்.
என் தொண்டைக்கு என்ன ஆயிற்றோ.
“இல்லை” என்றேன்.
“இல்லவே இல்லை.”

அவள் போன பிறகுதான் கட்டத்தைப் பார்த்தேன்.
எழுத்து கோட்டைத் தாண்டி,
கையெழுத்துக்கான இடத்தையும் தின்று,
விளிம்பில் ஏறியிருந்தது:
‘பிரசவ வார்டு ஜன்னலில் ஒரு பாறை தெரியும்.
ஊசி போடும்போதும் அதையே பார்க்கிறேன்.
நோயாளிகளுக்கு இது நல்லதல்ல.’

நாலெழுத்தைத் தட்டினேன். முத்திரை வைத்தேன்.
என் பேனாவைக் கொண்டுபோய்விட்டாள்.

எல்லாரும் கொண்டுபோகிறார்கள்.
வருடம் ஐந்நூறு பேனா கேட்டு எழுதுவேன்;
எதற்கு இத்தனை என்று கேட்கும் நிர்வாகம்.
அந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கிறது.
நானும் ஏதோ எழுதுகிறேன்.