அதே முகம்

நாலாம் பகுதியில் நான் பால்காரன்,
பிணத்தை முதலில் பார்த்துக் கேனைக் கீழே போடுபவன்.
பதினொன்றில் கான்ஸ்டபிள். வசனம் கிடையாது.
தொப்பி ஒரு சுற்றுப் பெரிது.
இருபத்தாறில் கத்தியோடு
கேத்தி ஸ்டேஷன் தண்டவாளத்தில் ஓடிப் பிடிபட்டு
தூக்குத் தண்டனை வாங்கினேன்.
முப்பதில் தவாலி. நீதிபதிக்குக் கதவு திறந்துவிட்டு
ஒரு பெயரை மூன்று முறை கூவினேன்,
எதிரொலி சேர்த்திருந்தார்கள்.
எப்படி உயிரோடு வந்தான் என்று யாரும் கேட்கவில்லை.
மலையில் ஆள் குறைவு. மீசை வை, மீசையை எடு,
நாளுக்கு எழுநூறு, மதியம் தக்காளிச் சாதம்.

வினை நாற்பத்திரண்டில் வந்தது.
தேயிலைக் குடோன், கணக்கர் ஒருவரின் சாவு.
அவர் மனைவியாக நடித்த பெண்ணுக்கு
யாரோ ஒரு பச்சை ஸ்வெட்டரை மாட்டிவிட்டார்கள்,
முழங்கையில் ஒட்டுப் போட்டது.
அது யாருடைய ஸ்வெட்டரென்று
கட்டபெட்டு முழுக்கத் தெரியும்.
கதையில் அவள் காப்பியில் மருந்து கலப்பாள்.
நான் அவள் தோளில் கை வைப்பேன்.
ஊரில் அந்தச் சாவுக்கு
இன்னும் குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை.

குன்னூர் சார்பு நீதிமன்றம். வாதி ஹேமாவதி,
கணவர் பெயர் போஜராஜ், காலஞ்சென்றவர்.
நிஜத் தவாலி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
ஒரே முறைதான் கூப்பிட்டார், "இருதயநாதன்."
காதில் விழவில்லை எனக்கு.
என் குரலுக்குக் காத்திருந்தேன் போல.

"வாதியைத் தெரியுமா?"
"தெரியாது."
"தெரியாதவர் தோளில் எப்படிக் கை வைத்தீர்?"
"டைரக்டர் வைக்கச் சொன்னார்."
பின்வரிசை சிரித்தது.
நீதிபதி சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள்.
'யாவும் கற்பனையே' மூன்று நொடி,
அதிலும் ஒரு நொடி சோப்பு விளம்பரம் குறுக்கே ஊர்ந்தது.
என் கை வரும் இடத்தில் கரண்ட் போனது.
பேட்டரியில் கை நகர்ந்துகொண்டேயிருந்தது.
அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
போட்டிருந்தது அதே பச்சை,
வேண்டுமென்றேதான் போட்டு வந்திருக்க வேண்டும்.
ஒட்டு இடது முழங்கையில்.
நாங்கள் வலதில் வைத்திருந்தோம்.

நாற்பத்திரண்டை மறுபடி ஒளிபரப்ப இடைக்காலத் தடை.
மற்றதற்கு இல்லை.

கோத்தகிரி பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலி.
நின்றுகொண்டே வந்தேன்.
போனில் மேனேஜர் ஜெபசிங்:
"நாளைக்கு ஐம்பத்தெட்டு. ஒரு விதவை
டிவிக்காரங்க மேல கேஸ் போடுறா. புதுக் கதை.
நீங்கதான் ஜட்ஜு. மீசை வேணாம்."
அந்தம்மாவுக்கு ஸ்வெட்டர் என்ன கலர் என்றேன்,
மெதுவாகத்தான்.
"நம்மகிட்ட இருக்கிறது அந்தப் பச்சைதானே."

ஒட்டுப் போட்ட முழங்கை
முன்கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.
வளைவில் சிக்னல் போனது.
அதற்குள் சரி என்று சொன்னேனா, ஞாபகமில்லை.
சத்தியப் பிரமாணமெல்லாம்
மூன்றரை மணிக்கே முடிந்துவிட்டது.